வண்டியா, வாஷரா? ஊர்ப் பணத்தில் தீயணைப்பு நிலையம்

தங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு ஊரார் சேர்ந்து உதவுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தீயணைப்புக் கருவிகளையும் அவற்றின் பராமரிப்பையும் அறிந்தவர்கள் பதில் தருகிறார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் தீயணைப்பு நிலையத்துக்குப் புதிதாக ஒரு தண்ணீர் வண்டி வாங்கித் தர முடிவு செய்திருக்கிறது. கால்வாசிப் பணம் சேர்ந்துவிட்டது. மீதியைத் திரட்ட என்ன வழி?

பதில்: வழி சொல்வதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். வண்டி வேண்டும் என்று சொன்னது நிலையமா, சங்கமா? பெரும்பாலும் சங்கமாகத்தான் இருக்கும். வண்டி கண்ணுக்குத் தெரிகிற பொருள். பக்கவாட்டில் பெயர் எழுதலாம், சாவி கொடுக்கும்போது படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வந்த மறுநாளிலிருந்து அதற்கு எல்லா ஷிஃப்டுக்கும் ஓட்டுநர் வேண்டும், டீசல் வேண்டும், காப்பீடு வேண்டும், நிறுத்த ஷெட் வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) தரவிதிப்படி தீயணைப்பு வண்டியின் டயர் தேயாமலே இருந்தாலும் 7 ஆண்டில் மாற்றியாக வேண்டும். பம்பை ஆண்டுக்கு ஒருமுறை முழுத் திறனில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். இவையெல்லாம் யார் கணக்கில் என்று இப்போதே எழுதி வாங்க முடியாவிட்டால் வண்டியை மறந்துவிடுங்கள்.

செலவைக் குறைக்கச் சாதாரண லாரியில் தொட்டி ஏற்றித் தருகிறோம் என்று யாராவது வந்தால் இன்னும் கவனம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 5,000 லிட்டர் தொட்டி என்றால் தண்ணீர் மட்டுமே 5 டன். இரும்புத் தொட்டி, பம்ப், ஹோஸ், ஏணி, ஆட்கள் எல்லாம் அதற்கு மேல். அதைவிடப் பெரிய ஆபத்து, தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது. வளைவில் திரும்பினால் தண்ணீர் முழுதும் ஒரு பக்கமாகப் பாய்ந்து வண்டியையே சாய்த்துவிடும். அதனால்தான் தீயணைப்பு வண்டித் தொட்டியின் உள்ளே நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். தொட்டியின் வரைபடத்தில் அந்தத் தகடுகளைக் காட்டச் சொல்லுங்கள். முழுதும் நிரப்பி, ஆட்களையும் ஏற்றி எடைமேடையில் நிறுத்தி, மொத்த எடையையும் ஒவ்வொரு அச்சின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மழுப்பும் பட்டறைக்கு முன்பணம் தராதீர்கள்.

சேர்ந்திருக்கிற கால்வாசிப் பணம் வீண் இல்லை. ஒரு நிலையத்தின் சின்னக் குறைகள் பலவற்றைத் தீர்க்க அது போதும். நிலைய அலுவலரிடம் போய் "என்ன வேண்டும்?" என்று கேட்காமல் மூன்று பட்டியல் கேளுங்கள். கடந்த ஓராண்டில் வேலை நடக்கும்போது பழுதானவை எவை? பக்கத்து நிலையத்திலிருந்து இரவல் வாங்கியவை எவை? ஆயுள் தேதி முடிந்தும் பயன்பாட்டில் இருப்பவை எவை? மூன்றிலும் இடம்பெறுகிற பொருள் எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். பெரிய கொள்முதலுக்கு அரசிடம் நிதித் தலைப்பு இருக்கும். ரப்பர் வாஷர், ஸ்பேனர், சார்ஜர், கையுறை போன்ற சின்னவைதான் யார் கணக்கிலும் வராமல் நடுவில் விழுந்துவிடும்.

கேள்வி: எங்கள் நிலையம் தந்த பட்டியலில் முதலில் இருப்பது ஹோஸும் வாஷரும். இதற்கா ஊரைக் கூட்டிப் பணம் கேட்பது என்று உறுப்பினர்கள் சிரிக்கிறார்கள்.

பதில்: சிரிப்பவர்களை நிலையத்துக்கு அழைத்துப் போய் தண்ணீர் உறிஞ்சும் சக்ஷன் ஹோஸின் இணைப்பை, அதாவது கப்ளிங்கை, பார்க்கச் சொல்லுங்கள். குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீர் எடுக்கும்போது பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கப்ளிங்கில் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து விறைத்து, நகம் அகலத்துக்கு ஒரு வெடிப்பு விட்டிருந்தால் போதும். அந்த வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பிரைமிங் (காற்றை வெளியேற்றிப் பம்பில் தண்ணீர் நிரப்புவது) பிடிக்காது. என்ஜின் முழு வேகத்தில் உறுமும், தண்ணீர் ஏறாது. அந்த நேரத்தில் பல கோடி மதிப்புள்ள வண்டியும் அந்த வாஷரும் ஒரே மதிப்புத்தான்.

தீயை நோக்கித் தண்ணீர் கொண்டுபோகும் டெலிவரி ஹோஸ் வாங்கும்போது விட்டத்தை நிலையம்தான் சொல்ல வேண்டும். ஒரே அளவு தண்ணீரை 63 மி.மீ. ஹோஸில் அனுப்புவதற்கும் 38 மி.மீ. ஹோஸில் அனுப்புவதற்கும் உராய்வில் போகிற அழுத்தம் ஏறத்தாழ 12 மடங்கு வேறுபடும். விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிர்விகிதத்தில் உராய்வு ஏறுவதே காரணம். விலை குறைவு என்று சின்ன ஹோஸாக நிறைய வாங்கி, நீளமாக இணைத்து ஓட்டினால் முனையில் தண்ணீர் ஒழுகும், பீறிடாது. மறுபக்கம், சந்துக்குள்ளும் படிக்கட்டிலும் 63 மி.மீ. ஹோஸைத் தண்ணீரோடு இழுத்துத் திரும்புவது இரண்டு பேருக்கும் சிரமம். ஆகவே நீள ஓட்டத்துக்குப் பெரியது, முனையில் பிரிப்பான் வைத்துச் சிறியது என்று கலந்து கேட்பார்கள். கேட்டபடியே வாங்குங்கள்.

வந்து இறங்கியதும் நாடா வைத்து ஒவ்வொரு சுருளின் நீளத்தையும் அளவெடுங்கள். ஓரிரு மீட்டர் குறைவாக வருவது உண்டு. கப்ளிங் கழுத்தில் கம்பிச் சுற்று இறுக்கமாக, முனை வெளியே நீட்டாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஹோஸ் வெளுத்த இடத்தில் வெடிப்பதைவிடக் கழுத்தில் கழன்று பறப்பதுதான் ஆளை அடிக்கும். பிறகு நிலையத்தாரே தயாரிப்பாளர் சொன்ன சோதனை அழுத்தத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். அதில் தேறியதற்கு மட்டும் பணம்.

ஹோஸோடு சேர்த்து இன்னொன்றும் தேவை: உலர்த்த இடம். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பருத்தி உறை பூஞ்சை பிடிக்கும். எப்போதும் ஒரே மடிப்பில் வைத்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். நிழலில் சரிவாக ஓடும் ஒரு நீள ரேக், அல்லது உயரத்தில் ஒரு கப்பி போதும். வெல்டிங் தெரிந்த உறுப்பினர் ஒருவர் இருந்தால் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே கழித்த தீயணைப்பு உடை, மூச்சுக் கருவி, ஹோஸ் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும், கப்பல் செலவு மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: பொருளுக்குப் பொருள் பதில் மாறும்.

ஹோஸ் என்றால் முதலில் கப்ளிங்கின் படம் கேளுங்கள். உலகம் முழுதும் ஒரே வகை இணைப்பு கிடையாது. ஜெர்மனி வழி நாடுகளில் ஸ்டார்ஸ் வகை, பிரிட்டன் வழி நாடுகளில் செருகிப் பூட்டும் இன்ஸ்டன்டேனியஸ் வகை, அமெரிக்காவில் திருகிப் பூட்டும் மரை வகை. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ரயிலேறி உதவிக்கு வந்தவர்களில் பலருடைய ஹோஸ் அந்த ஊர் ஹைட்ரன்டில் (தீயணைப்புக்கான தெருக் குழாய்) பொருந்தவில்லை. 1,500-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பாடம் படித்தார்களா என்றால், 1991 ஓக்லாந்து மலைத் தீயிலும் ஹைட்ரன்ட் வாயின் அளவு வேறாக இருந்து, வெளியூர் வண்டிகள் இரண்டு அளவையும் இணைக்கும் அடாப்டர் தேடின. ஒரு நிலையத்தில் இரண்டு வகை கப்ளிங் கலந்துவிட்டால் இருட்டில் அதைப் பிரித்தெடுக்க யாராலும் முடியாது. அடாப்டரும் சேர்ந்து வந்தால், அல்லது கப்ளிங்கையே மாற்றிப் பொருத்தும் செலவையும் ஏற்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உடையில் வெளித்துணி, ஈரத்தடுப்பு, வெப்பத்தடுப்பு என்று மூன்று அடுக்கு. வெளித்துணி புதிதுபோல இருக்கும்போதே நடுவிலுள்ள ஈரத்தடுப்புச் சவ்வு உரிந்திருக்கலாம். அப்போது கொதிநீராவி உள்ளே வந்து தோலைச் சுடும். தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு ஆனால் கழித்துவிட வேண்டும் என்று என்.எஃப்.பி.ஏ. தரவிதி சொல்கிறது. அங்கே கழித்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். உள்பக்க லேபிளின் படம் இல்லாமல் ஓர் உடையைக்கூட ஏற்காதீர்கள். லேபிளில் தேதி நன்றாக இருந்தாலும் அளவு பொருந்த வேண்டும். தொளதொளவென்ற கால்சட்டையோடு ஏணியில் ஏறுவது தனி ஆபத்து.

மூச்சுக் கருவியின் சிலிண்டரில் கடைசியாக எப்போது நீரழுத்தச் சோதனை நடந்தது என்று முத்திரை இருக்கும். பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை. கார்பன் இழை சுற்றிய சிலிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு மொத்த ஆயுளே 15 ஆண்டு. 14 ஆண்டான சிலிண்டரைக் கப்பலேற்றினால் ஓராண்டில் அது வெறும் காட்சிப் பொருள்.

விபத்து வண்டிகளை வெட்டும் ஹைட்ராலிக் கருவி பழையது என்றால் வேண்டாம். இன்றைய கார்களின் தூண்களில் வரும் கடின எஃகைப் பழைய கத்திகள் வெட்டாமல் நெளிந்து நிற்கும். கோடாரி, ஏணி, மற்ற கைக்கருவிகள், ஹெல்மெட் பெட்டி, ஸ்ட்ரெச்சர் என்றால் தாராளமாக வரட்டும். கயிறு மட்டும் பழையது கூடவே கூடாது. அது எந்தச் சுமையைத் தாங்கி நின்றது, எந்த ரசாயனத்தில் நனைந்தது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கேள்வி: நிலையத்துக்கு மூச்சுக் கருவி ஒரு செட் வாங்கிக் கொடுக்கும் அளவுக்குப் பணம் இருக்கிறது. சரியான தேர்வுதானே?

பதில்: ஒரு செட் என்பது பாதி உதவிகூட இல்லை. புகைக்குள் தனி ஆளாக யாரையும் அனுப்பக்கூடாது. உள்ளே இருவர் போனால், அவர்களுக்கு ஏதாவது ஆனால் மீட்க வெளியே அதே கருவியோடு இருவர் தயாராக நிற்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியே அப்படித்தான். ஆக நான்கு செட், மாற்றுக்கும் சேர்த்து எட்டு சிலிண்டர். நிலையத்தில் ஏற்கெனவே மூன்று இருந்து நான்காவதைத் தருகிறீர்கள் என்றால் பிரமாதம். அதே தயாரிப்பு, அதே மாடலாக இருக்கட்டும். முகமூடி ஒரு தயாரிப்பாளருடையது, சிலிண்டர் இன்னொருவருடையது என்று கலக்க முடியாது.

சிலிண்டரின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பினால் சுமார் 2,000 லிட்டர் காற்று. நிதானமாக வேலை செய்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர், படியேறி ஆளைத் தூக்கினால் 60-ஐத் தாண்டும். 50 பார் சுற்றுவட்டத்தில் கருவியின் எச்சரிக்கை விசில் அடிக்கத் தொடங்கும்போது மிச்சம் ஏழெட்டு நிமிடக் காற்றுதான். காலியானதை எங்கே நிரப்புவது? நிரப்பும் கம்ப்ரஷர் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் அடுத்த பணத்தை ஐந்தாவது செட்டில் போடாமல் கூடுதல் சிலிண்டரில் போடுங்கள். நான்கைந்து நிலையங்கள் சேர்ந்து ஒரு கம்ப்ரஷர் வாங்குவது அதைவிட நல்லது. அப்போது வடிகட்டி மாற்றுகிற செலவையும் காற்றுத் தரச் சோதனையையும் கணக்கில் சேருங்கள். கம்ப்ரஷர் காற்றை உறிஞ்சும் வாய் வண்டி நிற்கும் ஷெட்டுக்குள் இருந்தால், புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு நேரே சிலிண்டருக்குள் போகும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஹைட்ரன்டே இல்லை. வண்டி வந்து ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. ஊராரால் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: ஊர்ப் பணம் அதிகப் பலன் தருகிற இடம் இதுதான். வண்டியின் மீது யாரும் குறை சொல்ல முடியாது. 4,500 லிட்டர் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 400 லிட்டர் போகும் இரண்டு ஹோஸ் வரிசை ஓட்டினால் ஐந்தரை நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. வீட்டுத் தீயை அடக்கவும், பரவாமல் நனைக்கவும் குறைந்தது அரைமணி நேரத் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால் 24,000 லிட்டர்.

நிலத்தடித் தொட்டி ஒன்று கட்டலாம். 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் தண்ணீர் ஆழம் என்றால் 30,000 லிட்டர். போதும்போலத் தோன்றும். ஆனால் சக்ஷன் ஹோஸின் முனையில் குப்பையைத் தடுக்கும் ஸ்ட்ரெய்னர் தரையில் படக்கூடாது, அதற்கு மேலேயும் தண்ணீர் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்று உள்ளே போய்விடும். அடியில் அரை மீட்டர் தண்ணீர் எடுக்க முடியாமல் நின்றுவிட்டால் 7,500 லிட்டர் வீண். மிச்சம் 22,500. தேவைக்குக் குறைவு. இதற்குப் பெரிய தொட்டி கட்ட வேண்டியதில்லை. உறிஞ்சும் மூலையில் மட்டும் ஒரு மீட்டர் சதுரத்துக்கு, முக்கால் மீட்டர் ஆழத்தில் குழி இறக்கி, தொட்டித் தரையை அதை நோக்கிச் சரிவாகப் போட்டால் 30,000-மும் பயன்படும். கொத்தனாரிடம் இதைக் கான்கிரீட் போடுவதற்கு முன் சொல்ல வேண்டும். பின்னால் சொன்னால் யாராலும் செய்ய முடியாது.

உயரமும் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளும் உயரம் கணக்குப்படி 10.3 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. அதுவும் உயரம் கூடக்கூட நிமிடத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறையும். வண்டியின் பம்புக்கும், தொட்டி காலியாகப் போகும்போது இருக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே 4 மீட்டருக்குள் வருகிற மாதிரி இடம் தேர்ந்தெடுங்கள். வண்டி நிற்க உறுதியான தளம் தொட்டியின் பக்கத்தில் வேண்டும், தொட்டியின் கூரைமீது அல்ல. கூரையை லாரியின் எடைக்கு வடிவமைத்திருந்தால் ஒழிய அதன்மேல் சக்கரம் ஏறவே கூடாது.

வண்டி ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து ஹோஸ் இறக்குவதற்குப் பதிலாக நிலையான ஓர் உறிஞ்சு குழாய் பதித்துவிடலாம். 150 மி.மீ. குழாய், உள்ளே ஸ்ட்ரெய்னர், தரைக்கு மேலே நிலையத்தின் சக்ஷன் கப்ளிங்குக்குப் பொருந்தும் வாய், அதற்கு வாஷரோடு மூடி. குழாய் தொட்டியிலிருந்து வாய் வரை தொடர்ந்து ஏற வேண்டும். நடுவில் எங்காவது மேடாக வளைந்து இறங்கினால் அங்கே காற்று தங்கி பிரைமிங் கெடும். இந்த ஏற்பாட்டைக் குளக்கரையிலும் செய்யலாம். செலவு தொட்டியைவிட மிகக் குறைவு. கோடையில் வற்றாத குளமாக இருக்க வேண்டும்.

கட்டி முடித்த பிறகு கெடுப்பது மூன்று விஷயங்கள். முதலாவது, தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் தண்ணீர் எடுத்து எடுத்துத் தொட்டி காலியாகக் கிடப்பது. "எடுக்காதீர்கள்" என்று பலகை வைத்துப் பயனில்லை. வீட்டு உபயோக மோட்டாரின் உறிஞ்சு குழாயை, தீயணைப்புக்கு ஒதுக்கிய 24,000 லிட்டர் மட்டத்துக்கு மேலேயே நிறுத்திவிடுங்கள். அந்த மட்டத்துக்குக் கீழே அவர்கள் குழாய் எட்டாது, சண்டையும் இல்லை. இரண்டாவது, வண்டி நிற்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்துவது. மூன்றாவது, பூட்டு. குழந்தைகள் விழாமலிருக்கப் பூட்டத்தான் வேண்டும், ஆனால் சாவி சங்கச் செயலாளர் வீட்டில் தூங்கும். நிலைய வண்டியிலேயே ஒரு சாவி தொங்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை வரவழைத்து இருபது நிமிடம் தண்ணீர் எடுத்துப் பார்க்க நிலையத்திடம் கேளுங்கள். அன்றைக்கே வண்டலும் தெரிந்துவிடும்.

கேள்வி: பணத்தை யார் பெயரில் வாங்குவது? நிலையத்திலேயே கொடுத்துவிடலாமா?

பதில்: நிலையத்தில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். அரசு நடத்தும் நிலையங்களில் அலுவலர் கையில் பணம் வாங்குவது அவருக்கே வம்பு. தன்னார்வலர் நிலையங்களிலும் உதவிச் சங்கம் தனி, நிலையம் தனி என்று வைத்திருப்பதே நல்லது. ஜெர்மனியின் தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்குப் பக்கத்தில் இப்படித்தான் ஆதரவுச் சங்கங்கள் இயங்குகின்றன. சங்கத்தின் பெயரில் இதற்கென்றே தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு தொகைக்கும் எண்ணிட்ட ரசீது. பொருளாக வாங்கி, துறையின் எழுத்துமூல ஒப்புதலோடு ஒப்படையுங்கள்.

முதல் வேண்டுகோளில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் இணையத்தில் கேட்டதற்கு 5 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் குவிந்தது. சேர்ந்த கணக்கு நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் அறக்கட்டளையுடையது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கும் மற்ற மாநிலங்களுக்கும் விலங்குகளுக்கும் பகிர்ந்து தரலாம் என்று கொடுத்தவர்கள் பலர் நினைத்தார்கள். அறக்கட்டளையின் பத்திரம் அதற்கு இடம் தரவில்லை என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு மே மாதமே சொல்லிவிட்டது. நல்லெண்ணத்தில் யாருக்கும் குறை இல்லை. எழுதியிருந்தது வேறு, நினைத்தது வேறு.

அதனால் வேண்டுகோளிலேயே இரண்டு வாக்கியம் சேருங்கள்: "இந்தப் பணம் இன்ன பொருளுக்கு. அது முடியாமல் போனாலோ மீதமிருந்தாலோ, நிலையம் எழுத்தில் கேட்கும் வேறு கருவிக்கும் பராமரிப்புக்கும் செலவிடப்படும்." வண்டி வாங்கத் திரட்டிவிட்டு மனம் மாறிய முதல் கேள்விக்காரர் இப்போது கொடுத்தவர்களிடம் திரும்பப் போய்ச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும். கேட்கத்தான் வேண்டும்.

ஒப்படைக்கும் கடிதத்தில் வரிசை எண்ணோடு பொருளின் பெயர், இருப்புப் பதிவேட்டில் ஏற்றிய பக்கம், பழுது பார்ப்பது யார், ஆயுள் முடிந்தால் என்ன செய்வது, இந்த நிலையத்திலிருந்து வேறு நிலையத்துக்கு மாற்றினால் உங்களுக்குத் தெரிவிப்பார்களா என்பவை இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு "நாம் கொடுத்த ஜெனரேட்டர் எங்கே?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். பெரிய விபத்து நடந்த இடத்துக்குக் கருவியை அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஒரு கட்டுமான நிறுவனம் பெரிய தொகை தருவதாகச் சொல்கிறது. அவர்களுடைய அடுக்குமாடிக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இன்னும் வரவில்லை.

பதில்: சான்று கிடைத்து, கட்டடம் திறந்து, ஓராண்டு கழித்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: நாம் வாங்கிக் கொடுத்தால் அரசு ஒதுக்கீட்டைக் குறைத்துவிடாதா? பணம் தராத வீடுகளுக்கு என்ன செய்வது?

பதில்: குறைக்கும் அபாயம் உண்டு. கருவி வாங்கும் தலைப்பில் கடந்த மூன்று ஆண்டுகள் நிலையத்துக்கு என்ன வந்தது என்பதை, தகவல் கேட்கும் வழி எதுவோ அதன்படி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதையே திரும்பக் கேளுங்கள். எண் சரிந்தால் உங்கள் மக்கள் பிரதிநிதியிடம் போக உங்களிடம் ஆதாரம் இருக்கும். சம்பளம், எரிபொருள், வண்டி வாங்குவது ஆகிய மூன்றிலும் ஊர்ப் பணம் போகவே கூடாது என்பது எங்கள் கருத்து. ஒருமுறை போனால் அது உங்கள் பொறுப்பாகவே நிலைத்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில்தான்: ஒன்றும் செய்யக்கூடாது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் நகரப் படை, எல்லைக்கு வெளியே இருந்த வீடுகளுக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வைத்திருந்தது. 2010-இல் சந்தா கட்டாத ஒரு வீடு எரிந்தபோது வண்டி வந்தும் அணைக்கவில்லை. பக்கத்து இடத்துக்குப் பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். நாடே கொந்தளித்தது. நன்கொடைப் பட்டியல் நிலையச் சுவரில் ஒட்டப்படக்கூடாது, வண்டியில் போகக்கூடாது. யார் கொடுத்தார்கள் என்பது வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரியவே வேண்டாம்.

கேள்வி: முதல் வருடம் நன்றாகக் கொடுத்தார்கள். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பதில்: பெரிய தீ எரிந்த மாதம் பணம் வரும், ஆறு மாதத்தில் வற்றும். அந்த முதல் அலையிலேயே "மாதம் சின்னத் தொகை" என்று வங்கிக்கு நிலையான உத்தரவு எழுதி வாங்கியிருக்க வேண்டும். இப்போதும் கெட்டுப்போகவில்லை. திரும்பிப் பார்க்காததற்குப் பெரும்பாலும் காரணம், கொடுத்தது என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லாததுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே பக்கம்: வந்தது, போனது, இருப்பு, வாங்கிய பொருளின் வரிசை எண், அது வேலைக்குப் போன தடவைகள். பாதிக்கப்பட்ட வீட்டின் படம் போடாதீர்கள்.

பணம் இல்லாதவர்கள் வேறு வகையில் தரலாம். எலெக்ட்ரீஷியன் நிலையத்தின் சார்ஜர் வயரிங்கைச் சரி செய்யலாம். தையற்காரர் உடை தைக்கக் கூடாது, ஆனால் கருவிப் பைகளைத் தைக்கலாம். கணக்கு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்றவர் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தீயணைப்பு வீரர்களின் உடல்நலத்துக்கு ஏதாவது செய்ய விரும்புகிறோம். மருத்துவ முகாம் நடத்தலாமா?

பதில்: நடத்தலாம். ஆனால் உடை துவைக்கும் பெரிய இயந்திரம் ஒன்று அதைவிடத் தொடர்ந்து பயன்படும். தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் முதல் பிரிவில் சேர்த்தது. கரி படிந்த உடையைத் திரும்பத் திரும்ப அணிவதும், வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தைகளின் துணியோடு துவைப்பதும் ஆபத்து. முன்பக்கமாகத் துணி போடும் பெரிய இயந்திரம், தண்ணீர் 40 டிகிரிக்கு மேல் போகாமல் நிறுத்தும் வசதி, குளோரின் இல்லாத சோப்பு. காய வைப்பது நிழலில். வெயிலில் புற ஊதாக் கதிர் உடையின் அராமிட் (வெப்பம் தாங்கும் செயற்கை இழை) துணியை நைய வைக்கும். ஒரு செட் துவைப்பில் இருக்கும்போது உடுத்த இரண்டாவது செட் இல்லையென்றால் இயந்திரம் சும்மா கிடக்கும். ஆகவே முதலில் இரண்டாவது செட், பிறகு இயந்திரம்.

கேள்வி: மூன்று விலைப்புள்ளி வாங்கிவிட்டோம். குறைந்ததை எடுத்துவிடலாமா?

பதில்: மூன்றும் ஒரே பொருளுக்குத்தானா என்று பாருங்கள். ஒருவர் சார்ஜரோடு சொல்லியிருப்பார், ஒருவர் இல்லாமல். வெப்பப் படக் கேமரா என்றால் இரண்டாவது பேட்டரி, வண்டியில் பொருத்தும் சார்ஜர், பயிற்சி மூன்றும் விலையில் உண்டா என்று கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதையோ தண்ணீருக்குள் இருப்பதையோ அது காட்டாது என்பதைப் பயிற்சியில்தான் கற்றுக்கொள்வார்கள். உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும், பழுது பார்ப்பவர் எங்கே இருக்கிறார் என்பவற்றை விலைக்கு இணையாக வைத்து ஒப்பிடுங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். ஆர்டரோடு மூன்றில் ஒரு பங்குக்குள் முன்பணம், நிலையத்தார் சோதித்துக் கையெழுத்துப் போட்டபின் பெரும்பங்கு, பத்தில் ஒரு பங்கை ஆறு மாதம் கழித்து. கையில் இருக்கும் மொத்தத்தையும் பொருளிலேயே கொட்டாமல் ஐந்தில் ஒரு பங்காவது சோதனைக்கும் பேட்டரிக்கும் வாஷருக்கும் ஒதுக்கி வையுங்கள். அந்த ஒதுக்கீட்டைத் தொடுவதற்குச் சங்கப் பொதுக்குழுவின் தீர்மானம் வேண்டும் என்று விதி எழுதிவிட்டால், அடுத்த நிர்வாகம் அதை வளைவு கட்டச் செலவிடாது.